பிள்ளையார் சுழியும் என் சோமாஜ் காசும்

போன வருடம் மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் எனக்கு வேலை போனது. அன்றைக்கு அறுபது பேருக்கு மீன் பொரித்திருந்தேன். ஒருவரும் ஒரு குறை சொல்லவில்லை. அப்படியிருந்தும் போனது.

லா சப்பல் பிள்ளையாரிடம் வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து, ஆளோடு ஆள் இடிபட்டு, அர்ச்சனைத் தட்டோடு நிற்கிற என் உறவுகளே, உங்களிடம் சொல்லியே ஆகவேண்டிய விஷயம் ஒன்று என்னிடம் இருக்கிறது. என் பெயர் யோகநாதன். வயது ஐம்பத்திரண்டு. பிரான்சில், ஸ்தேன் என்ற ஊரில் குடியிருக்கிறேன். எனக்குச் சபையில் பேசிப் பழக்கமில்லை. பதினான்கு வருடம் ஒரு பிரெஞ்சு உணவகத்தின் குசினிக்குள் நின்றவன். அங்கே கதைத்துக்கொண்டு நின்றால் அடுப்பில் இருப்பது அடிப்பிடித்துவிடும். ஆனாலும் பிள்ளையார் எனக்குச் செய்ததை வெளியே சொல்லாமல் விட்டால் அது நன்றிகெட்ட வேலை.

எங்கள் முதலாளியின் பெயர் மிஷேல். நல்ல மனிதர். கோபம் வந்தால் கரண்டியை எறிவார், ஆனால் ஆள் இல்லாத பக்கமாகப் பார்த்துத்தான் எறிவார். அன்றைக்கு என்னைக் கூப்பிட்டு இருத்தினார். அவர் பேசியது பிரெஞ்சு. நான் எங்கள் பேச்சிலேயே சொல்கிறேன். அப்போதுதான் எனக்குச் சரியாக வரும்.

"யோகா, என்ரை முழங்கால் ரெண்டும் முடிஞ்சுது. கடையைப் பூட்டிப்போட்டுக் கடற்கரைப் பக்கம் போகப்போறன்."

"அப்ப நான்?"

"உனக்கென்ன, சோமாஜ் இருக்கு."

சோமாஜ் என்றால் வேலை இழந்தவர்களுக்கு இந்த நாடு கொடுக்கிற உதவிப் பணம். அதுவும் எல்லாருக்கும் இல்லை. போதுமான மாதங்கள் வேலை செய்திருக்க வேண்டும். வேலைதான் நம்மை விட்டுப் போயிருக்க வேண்டும். நாமாக விட்டிருக்கக் கூடாது. பிரான்சுக்கு வந்த இரண்டாம் நாளே கோப்பை கழுவப் போனவன் நான். அரசாங்கத்திடம் கை நீட்டுவதா என்று கூச்சமாக இருந்தது. என் மகள் ஆரணி இங்கே பிறந்தவள், பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். அவள்தான் என்னைத் தேற்றினாள்.

"அப்பா, இது பிச்சை இல்லை. இது உங்கடை உரிமை."

கடைசி நாள் மிஷேல் ஒரு கட்டுப் பத்திரம் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அவர் அழுதார். நானும் அழுதேன். கண்ணீரோடு எப்படி வாசிப்பது? காட்டிய இடமெல்லாம் கையெழுத்துப் போட்டேன். உண்மையைச் சொன்னால், கண்ணீர் இல்லாவிட்டாலும் வாசித்திருக்க மாட்டேன்.

ஆரணி கணினியில் என் பெயரைப் பதிந்தாள். பத்திரங்களைப் படம் எடுத்து அனுப்பினாள். மூன்று கிழமை கழித்துப் பதில் வந்தது. அவள் வாசித்தாள். பிறகு இன்னொரு தரம் வாசித்தாள்.

"அப்பா, உங்களுக்கு இல்லையாம். நீங்கள் வேலையை நீங்களாய் விட்டிட்டியளாம்."

"நானோ? கடையே இல்லை. எதை விடுறது?"

முதலாளியின் கணக்காளர் அனுப்பிய பத்திரத்தில், வேலை முடிந்த காரணம் என்ற இடத்தில், 'தானாக விலகினார்' என்று இருந்தது. ஒரே ஒரு சொல். அந்தச் சொல் பதினான்கு வருட உழைப்பைத் தின்றுவிட்டது.

மிஷேலுக்கு டெலிபோன் அடித்தேன். அந்த இலக்கம் பாவனையில் இல்லை என்று ஒரு பெண் குரல் சொன்னது. கணக்காளருக்கு இரண்டு கடிதம் போட்டோம். பதில் இல்லை. வீட்டு வாடகை இருக்கிறது. மகளின் படிப்பு இருக்கிறது. என் மனைவி பவானி விடியற்காலையில் கந்தோர்கள், அதாவது அலுவலகங்கள், துடைக்கப் போகிறாள். அந்தச் சம்பளம் அரைவாசிக்குத்தான் காணும். சாப்பாடு இறங்கவில்லை. கண்ணாடியில் என்னைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

வீட்டில் சும்மா இருக்கவும் தெரியவில்லை. பவானியின் குசினிக்குள் புகுந்தேன். அவளுடைய பருப்பு, மா, மிளகாய்த்தூள் டப்பாக்களில் எல்லாம் திகதி எழுதி ஒட்டினேன். உணவகத்தில் சுடுசட்டியோடு ஒருவர் பின்னால் போகும்போது "ஷோ!" என்று கத்த வேண்டும், "சூடு, விலகு" என்று அர்த்தம். நான் தேத்தண்ணிக் கோப்பையோடு போகும்போதும் பவானிக்குப் பின்னால் நின்று "ஷோ!" என்று கத்தினேன். மூன்றாவது தரம் அவள் அகப்பையோடு திரும்பினாள்.

"இஞ்சாருங்கோ, ஒருக்கா வெளியிலை போட்டு வாங்கோ. எங்கையெண்டாலும் பரவாயில்லை."

லா சப்பலுக்குப் போனேன். அங்கே தவம் அண்ணை டெலிபோன் கடை வைத்திருக்கிறார். முப்பது வருடப் பிரான்ஸ்காரர். எந்தப் பத்திரத்துக்கும் அவரிடம் ஒரு யோசனை இருக்கும்.

"தம்பி, நாரி ஏலாது, இடுப்பு நோ எண்டு சொல்லு. குனிய முடியாமல்தான் விட்டனான் எண்டு எழுதிக் குடு."

"நாரிக்கு ஒண்டுமில்லை அண்ணை."

"அப்ப முதலாளி அடிச்சவன் எண்டு சொல்லு."

"ஐயோ, பாவம் அந்த மனுசன்."

"அப்ப உனக்கு மூளை கொஞ்சம் தட்டிப்போட்டுது எண்டு சொல்லு. உன்ரை முகத்தைப் பாத்தா நம்புவாங்கள்."

அங்கிருந்து கோயிலுக்குப் போனேன். அர்ச்சனைச் சீட்டு எடுத்தேன். ஐயர் பெயர், நட்சத்திரம் கேட்டார். பிறகு, "என்ன வேண்டுதல்?" என்றார். எனக்குப் பின்னால் இருபது பேர். நான் மெல்லக் குனிந்து சொன்னேன்.

"வேலை விஷயமா, ஐயா."

"வேலை கிடைக்கோணுமோ?"

"இல்லை ஐயா. வேலை இல்லாததுக்குக் காசு கிடைக்கோணும்."

ஐயர் என்னை ஒருதரம் பார்த்தார். "ஓ, சோமாஜோ!" என்றார், கோயில் மணி அடிப்பது போன்ற குரலில். பின்னால் நின்ற அம்மா ஒருவர் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். ஐயர் மந்திரம் சொல்லத் தொடங்கினார்.

அடியார்களே, எனக்குப் பிள்ளையாரிடம் என்ன கேட்பது என்றே தெரியவில்லை. வேலை தா என்று கேட்கலாம், சுகம் தா என்று கேட்கலாம். 'தானாக விலகினார்' என்ற சொல்லை வெட்டிவிடு என்று எப்படிக் கேட்பது? அழுகை வந்தது. கையில் கொடுப்பதற்கும் ஒன்றும் இல்லை. அப்போது மனதுக்குள் ஒன்று சொன்னேன். "அப்பனே, இந்தக் காசுக்காக நான் ஒரு பொய்யும் சொல்லமாட்டன். மிச்சத்தை நீதான் பாக்கோணும்." அவ்வளவுதான் என் நேர்த்தி. தேங்காய்கூட நேரவில்லை.

விபூதியை வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். பவானி கறிவேப்பிலை வாங்கி வரச் சொல்லியிருந்தாள். பக்கத்துத் தமிழ்க் கடைக்குள் போனேன். தூள் அடுக்கியிருக்கிற தட்டுக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரர், இரண்டு முழங்காலையும் பிடித்துக்கொண்டு, குனியவும் முடியாமல் நிமிரவும் முடியாமல் நின்றார்.

மிஷேல்.

அவர் என்னைக் கண்டதும் ஒரு தூள் பொட்டலத்தைத் தூக்கிக் காட்டினார்.

"யோகா! நல்ல நேரம் வந்தாய். நீ வெள்ளிக்கிழமையிலை எங்களுக்கு ஆக்கிற கறிக்கு இதோ போடுறது, அதோ போடுறது?"

ஒவ்வொரு வெள்ளியும் உணவகத்தில் வேலை செய்கிறவர்களுக்கு நான் எங்கள் தூள் போட்டுக் கோழிக்கறி வைப்பேன். கடற்கரையில் போய் இருந்தவருக்கு நாலு வெள்ளிக்கிழமை கறி இல்லாமல் போயிருக்கிறது. ஐந்தாவது வெள்ளி தாங்க முடியாமல் ரயில் ஏறிவிட்டார். பழைய டெலிபோனை நிம்மதிக்காகத் தூக்கி எறிந்துவிட்டாராம். என் இலக்கமும் அதோடு போய்விட்டது.

நான் கடைக்குள்ளேயே, மிளகாய் மூட்டைக்குப் பக்கத்தில் நின்று, நடந்ததைச் சொன்னேன். அவருக்கு முகம் சிவந்தது. சுற்றிப் பார்த்தார். நல்லவேளை, கையில் கரண்டி இல்லை.

"கணக்காளர் யோகாவுக்கு என்ன எழுதிறது எண்டு கேட்டவன். நான் சொன்னன், நானும் போறன், அவனும் போறான், எல்லாரும் போறம் எண்டு. அந்த மடையன் அதை அப்பிடியே எழுதிப்போட்டான்!"

அந்தக் கிழமையே திருத்திய பத்திரம் வந்தது. கடை மூடியதால் வேலை நீக்கம் என்று சரியாக இருந்தது. நான் தேங்காய் வாங்கவே ஓடிவிட்டேன். ஆனால் பிள்ளையார் என்னை இன்னும் விடவில்லை. புதிய பத்திரத்தில் கடைசி நாலு மாத வேலை மணித்தியாலம் எழுதுகிற இடம் வெறுமையாக இருந்தது. கடை மூடுகிற குழப்பத்தில் அந்த மாதங்களின் சம்பளத்துண்டுகளும் எனக்கு வந்துசேரவில்லை. சோமாஜ் அலுவலகத்துக்கு நேரே வரச்சொல்லி எனக்கு ஒரு திகதி தந்தார்கள்.

ஆரணியும் நானும் போனோம். கண்ணாடி போட்ட ஓர் இளம் அம்மா மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தார். எத்தனை மணித்தியாலம் வேலை செய்தீர்கள், ஏதாவது எழுதி வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார். நான் பையில் இருந்து டயறியை எடுத்தேன். வந்த புதிதில் ஓரிடத்தில் என் மணித்தியாலங்களைச் சரியாகத் தரவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் எத்தனை மணிக்குப் போனேன், எத்தனை மணிக்கு வந்தேன் என்று எழுதிவருகிறேன். ஒரு நாளுக்கு ஒரு பக்கம்.

அந்த அம்மா புரட்டினார். இது சட்டப்படி பத்திரம் ஆகாது, ஆனால் கணக்காளரிடம் கேட்பதற்கு உதவும் என்றார். எழுதத் தொடங்கினார். எட்டு மணித்தியாலம், கூட்டல் இரண்டு. ஏழு மணித்தியாலம், கூட்டல் இரண்டு. பிறகு தலை நிமிர்ந்து ஆரணியிடம் ஏதோ சொன்னார். ஆரணி சிரித்தாள்.

"அப்பா, ஒவ்வொரு நாளும் ரெண்டு மணித்தியாலம் கூட வேலை செய்திருக்கிறியளாமே. அப்பிடியெண்டால் காசும் கொஞ்சம் கூட வருமாம்."

எனக்கு விளங்கவில்லை. எட்டிப் பார்த்தேன். உங்களுக்கு விளங்கியிருக்கும். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் நான் போட்டிருந்த பிள்ளையார் சுழி. நம்முடைய 'உ'. அதைக் கொண்டுபோய்ப் பிரெஞ்சுக்காரரிடம் காட்டினால் அச்சொட்டாக இரண்டு.

வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். நான் பொய் சொல்லவே தேவையில்லை; அவராகவே எழுதிக்கொண்டிருந்தார். மகளும் தலையாட்டிக்கொண்டிருந்தாள். தவம் அண்ணை அங்கே இருந்திருந்தால் என் காலை மிதித்திருப்பார். வாடகை கண்ணுக்கு முன்னால் வந்தது. ஆனால் நினைத்துப் பாருங்கள், பிள்ளையாருடைய சுழியையே காட்டிப் பிள்ளையாருக்குக் கொடுத்த வாக்கை முறிப்பதா?

"மதாம், அது இரண்டு இல்லை, கடவுள்" என்றேன்.

இங்கேதான் ஒரு சிக்கல். பிரெஞ்சில் இரண்டுக்கு 'தெ' என்று சொல்ல வேண்டும். கடவுளுக்கு 'தியெ' என்று சொல்ல வேண்டும். என் வாயில் இரண்டும் ஒன்றாகத்தான் வரும். அதனால் அந்த அம்மாவின் காதில் விழுந்தது, "மதாம், அது இரண்டு இல்லை, இரண்டு."

"ஓம், இரண்டு" என்றார் அவர்.

"இல்லை, இல்லை. இரண்டு இல்லை. இரண்டு!"

"அதைத்தானே நானும் எழுதுகிறேன்."

நான் வானத்தைக் காட்டினேன். அவர் கூரையைப் பார்த்தார். நான் கை கூப்பினேன். அவர் பயந்துவிட்டார். எழுந்து நின்று, இரண்டு காதையும் மாறிப் பிடித்து, மூன்று தோப்புக்கரணம் போட்டேன். பக்கத்து மேசைகளில் எழுதுவது நின்றுபோனது. அப்போதுதான் ஆரணிக்கு வெளித்தது.

"அப்பா, இது பிள்ளையாரோ?"

"ஓம் பிள்ளை, பிள்ளையார் சுழி. எழுத முதல் போடுறது."

"அப்ப நீங்கள் எழுதித் தாற சாமான் துண்டிலை மேலை இருக்கிறதும் இதோ?"

"ஓம்."

"ஐயோ! நான் இவ்வளவு காலமும் முதலாவது சாமானை ரெண்டு ரெண்டாயெல்லோ வாங்கிக்கொண்டு வாறனான்!"

எங்கள் வீட்டில் எந்த நேரமும் இரண்டு மூட்டை அரிசி ஏன் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்கும் விளங்கியது.

ஆரணி அந்த அம்மாவுக்கு விளக்கினாள். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு தான் எழுதிய இரண்டுகளை ஒவ்வொன்றாக வெட்டினார். நாலு மாதம், ஒவ்வொரு நாளும். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் வலித்தது, மனிதன்தானே. முடித்துவிட்டு, "இதை யாரும் எனக்கு வந்து சொல்லமாட்டார்கள்" என்றார். அந்த இடத்திலேயே டெலிபோனை எடுத்துக் கணக்காளரின் கந்தோருக்கு அடித்தார். எங்களுடைய இரண்டு கடிதத்துக்கும் வராத பதில் அவருடைய ஒரு அழைப்புக்கு வந்தது.

பத்து நாளில் சம்பளத்துண்டுகள் வந்தன. அடியார்களே, அவற்றில் இருந்த மணித்தியாலமும் என் டயறியில் இருந்த மணித்தியாலமும் ஒன்றுக்கொன்று அப்படியே பொருந்தின. அந்த இரண்டுகளை விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? இரண்டு பக்கமும் பொருந்தாமல் என்னைப் பொய்க்காரன் என்று எழுதியிருப்பார்கள். பக்கத்துக்குப் பக்கம் தலையில் நின்ற பிள்ளையார்தான் என்னைக் காப்பாற்றினார். இதைச் சொல்லும்போது இப்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

சித்திரையில் ஒரு செவ்வாய்க்கிழமை கடிதம் வந்தது. எனக்குச் சோமாஜ் உண்டு. விட்டுப்போன நாட்களுக்கும் சேர்த்து. நான் கடிதத்தோடு சுவாமிப் படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டேன். விழுந்தபடி கிடக்கும்போதே டெலிபோன் அடித்தது. ஆரணி எடுத்தாள். அதே கண்ணாடி அம்மா. ஸ்தேனில் ஒரு பள்ளிக்கூடக் குசினிக்கு ஆள் தேவையாம். சோமாஜ் காசு வந்துகொண்டிருக்கும்போதே மூன்று மாதம் ஒரு படிப்பு, கொஞ்சம் சமையற் சுகாதாரம், நிறையப் பிரெஞ்சு. புரட்டாதியில் வேலை. உங்களுக்கு விருப்பமா என்று கேட்டார்.

ஆரணி அதைச் சொல்லி முடிக்க, பவானி சுவாமித் தட்டைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, "என்ரை பிள்ளையாரே, கேட்டிட்டாய்!" என்றாள்.

"நீர் என்ன கேட்டனீர்?" என்றேன்.

அவள் சிரிப்பை அடக்கப் பார்த்தாள். "இந்த மனிசனை எப்பிடியாவது ஒரு வேலைக்கு அனுப்பிவிடு, என்ரை குசினியை எனக்குத் திருப்பித் தா எண்டு கேட்டனான். நாலு வெள்ளி அர்ச்சனை செய்தனான்."

அடுத்த வெள்ளி இருவருமாகப் போய் ஐயரிடம் சொன்னோம். அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

"நீங்கள் சோமாஜ் கேக்கிறியள், அடுத்ததாய் அம்மா வந்து வேலை கேக்கிறா. நான் ரெண்டையும் அப்பிடியே சுவாமியிட்டைச் சொல்லிப்போட்டு விட்டிட்டன். இனி அவர்பாடு எண்டு."

அவர்பாடுதான். இரண்டையும் ஒரே காலையில் தந்தார்.

இன்றைக்கு நான் முந்நூறு பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு ஆக்குகிற குசினியில் நிற்கிறேன். 'தெ' வேறு, 'தியெ' வேறு என்று படித்துவிட்டேன். பெருமைக்குச் சொல்லவில்லை. அதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று இருக்கிறது. பத்திரம் என்றால் பயந்து கையெழுத்துப் போடுகிற யோகநாதன் இப்போது இல்லை. சனிக்கிழமை பின்னேரங்களில் தவம் அண்ணையின் கடையில் ஒரு கதிரையில் இருக்கிறேன். வேலை போனவர்கள் கொண்டுவருகிற பத்திரங்களை வாசித்துப் பார்க்கிறேன். காரணம் சரியாக எழுதியிருக்கிறதா, மணித்தியாலம் விடுபட்டிருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன். விளங்காததை ஆரணிக்குப் படம் எடுத்து அனுப்புவேன். காசு வாங்குவதில்லை. தவம் அண்ணை பக்கத்தில் இருந்து நாரி என்று தொடங்கினால், தேத்தண்ணி வாங்கி வரச்சொல்லி அனுப்பிவிடுவேன்.

போன சனிக்கிழமை ஒரு தங்கச்சி வந்தா. முல்லைத்தீவுப் பிள்ளை. வேலை செய்த உணவகம் மூடி இரண்டு மாதம். கையில் ஒரு கடித உறை, இன்னும் உடைக்கவில்லை. உடைக்கப் பயம்.

"அண்ணை, சோமாஜ் கிடைக்கிறதுக்குப் பிள்ளையாருக்கு எந்த அர்ச்சனை செய்யோணும்?" என்று கேட்டா.

நான் சிரிக்கவில்லை. இந்தப் பயம் எனக்குத் தெரியும். உங்களில் யாராவது அப்படி ஓர் உறையை வீட்டில் ஒளித்து வைத்திருந்தால், அந்தத் தங்கச்சிக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்வேன். வெட்கப்படாமல் கேளுங்கள். அவருக்கு நம்முடைய எந்தக் கஷ்டமும் சின்னதில்லை, எந்த வேண்டுதலும் பகிடி இல்லை. பொய் மட்டும் வேண்டாம்.

"எந்த அர்ச்சனை எண்டாலும் காணும், தங்கச்சி" என்றேன். "முதல்லை அந்த உறையை உடையுங்கோ. நான் பக்கத்திலைதான் இருக்கிறன். வாசிச்சுப்போட்டு ரெண்டு பேருமாய்க் கோயிலுக்குப் போவம். என்ன கேக்கிறது எண்டு அப்பதான் எங்களுக்கும் தெரியும்."